ஏழு அவைகளும் ஒரு காதலும்: ஃபேன்டசிக் காதல் தொடரைப் புதிதாகக் கையில் எடுப்பவருக்கு

சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஒஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடரின் முதல் புத்தகத்தை யாராவது ஒரு சிநேகிதி கையில் திணித்துவிட்டு, "வாசிச்சுப் பாரன், பிறகு கதைப்பம்" என்று போய்விடுவாள். எந்த இடத்தில் கதை இழுபடும், எந்த அத்தியாயத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது திறக்கக் கூடாது, இத்தனை பேர் உருகுகிற தொடரை இத்தனை பேர் திட்டுவது எதற்காக என்பதெல்லாம் அவள் சொல்லமாட்டாள். திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தத் தொடரைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அந்தத் தகவல்களை வரிசையாகத் தருகிறோம். கதையின் பெரிய முடிச்சுகளை அவிழ்க்காமல் இருக்க முயன்றிருக்கிறோம். ஆனாலும் குறைகளைப் பேசும் பகுதியில் சில விடயங்கள் வெளியே வரத்தான் செய்யும். ஒன்றுமே தெரியாமல் வாசிக்க விரும்புகிறவர்கள் அந்தப் பகுதியைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இது காதல் கதை. வாள், மாயம், மன்னர், போர் எல்லாம் உண்டு, அவை காதலுக்குப் பந்தல் போடுவதற்காக வந்தவை. இந்த வரிசையை மனதில் வைத்துத் தொடங்குபவர்களுக்குத் தொடர் ஓடும். போர்த் தந்திரமும் அரச வம்சங்களும் தேடி வருகிறவர்கள் இருநூறாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடிவிட்டு ஆசிரியரைத் திட்டுவதும் நியாயம் இல்லை.

அடுத்தது வயது. 2015இல் முதல் புத்தகம் வந்தபோது அதை இளையோர் நாவலாகத்தான் விற்றார்கள். 2020இல் புதிய அட்டை போட்டு வயதுவந்தோர் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பழைய பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. அட்டையில் முத்தக் காட்சியோ அரைகுறை உடுப்போ இல்லாததால், ஓ.எல். படிக்கிற மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். முதல் புத்தகம் ஓரளவு அடக்கமானது. இரண்டாவதில் படுக்கையறைக் கதவு திறக்கிறது, ஐந்தாவதில் கதவே கிடையாது. பதினெட்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

உடலுறவுக் காட்சிகளைவிட மனதைக் கலைக்கக் கூடியவையும் உண்டு: சித்திரவதை, பாலியல் வன்முறை பற்றிய பேச்சு, மனைவியாக வரப்போகிறவளை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் காதல், போர் முடிந்த பின்னும் விடாத கெட்ட கனவு, உயிரை வெறுக்கும் மனநிலை. எங்கள் பகுதியில் இவற்றை நேரில் கண்டு வந்தவர்கள் பலர். அவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது நல்லது.

புத்தகங்கள் ஐந்து. மற்ற நான்கின் பெயரும் 'எ கோர்ட் ஒஃப்' என்றே தொடங்கும்: 'மிஸ்ட் அண்ட் ஃபியூரி' 2016, 'விங்ஸ் அண்ட் ரூயின்' 2017, 'ஃப்ரொஸ்ட் அண்ட் ஸ்டார்லைட்' 2018, 'சில்வர் ஃப்ளேம்ஸ்' 2021. வெளிவந்த வரிசைதான் வாசிக்கும் வரிசை. தலைப்புகள் ஒன்றுபோல ஒலிப்பதால் மூன்றாவதை இரண்டாவதென்று வாங்கிவிடுகிறார்கள். ஒரு துண்டில் ஐந்து பெயரையும் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தொடர் இன்னும் முடியவில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எந்தப் பிரதி வாங்குவது

திருமலைக் கடைகளில் பாடப் புத்தகமும் பயிற்சிப் புத்தகமும்தான் அலுமாரியை நிறைத்திருக்கும். ஆங்கில ஃபேன்டசி பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரவேண்டும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு யாராவது போகிறார்கள் என்றால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஐந்தையும் ஒரே தடவையில் வாங்கச் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு போதும். ஐந்தும் கட்டாக வாங்கி முதலாவதிலேயே நின்றுபோனவர்களின் அலுமாரிகளை ஊரில் நிறையக் காணலாம்.

மலிவாகக் கிடைக்கும் கள்ளப் பிரதிகள் இந்தத் தொடரில் அதிகம். கண்டுபிடிக்கும் வழி சுலபம். முன்பக்கத்து வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இடப்பெயர்கள் கலங்கி, வாசிக்க முடியாமல் இருந்தால் அது ஸ்கேன் செய்து அடித்தது. பிறகு நடுப்பக்கத்தை விரித்து, உள் ஓரத்து எழுத்து முதுகுப் பசைக்குள் போகிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பக்க எண்களை விரலால் ஓட்டிப் பாருங்கள். புத்தகம் அச்சாவது பதினாறு, முப்பத்திரண்டு பக்கங்கள் கொண்ட போம்களாக என்பதால், தவறு நடந்தால் ஒரு போம் முழுவதும் காணாமல் போயிருக்கும், அல்லது இரண்டு முறை வந்திருக்கும். இரண்டாம் புத்தகத்தின் நடுவில் பதினாறு பக்கம் இல்லாவிட்டால் என்ன நடந்ததென்று ஊகிக்கக்கூட முடியாது. எழுதியவருக்கு ஒரு சதமும் போகாது என்பது வேறு.

மின்னூல் வசதியானது. வங்கி அட்டை இருந்தால் கைத்தொலைபேசிச் செயலியிலேயே வாங்கலாம். பெரும்பாலான கடைகள் தொடக்கத்தில் ஒரு பகுதியை இலவசமாக வாசிக்க விடும், அதை முடித்துவிட்டு முடிவெடுக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு மின்னூலில் இன்னொரு சௌகரியம், அட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் அதே கைத்தொலைபேசியைத்தான் பிள்ளை ரியூசன் பாடத்துக்கும் எடுக்கும். செயலிக்குப் பூட்டுப் போடுங்கள், கடைசியாக வாசித்த பக்கம் திரையில் தானாக வந்து நிற்காதபடி வெளியேறி விடுங்கள். ஒலிப்புத்தகம் முதலாவதுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம். கொழும்புக்கு இரவில் போய் இரவில் திரும்பினால் பெரும்பகுதி ஓடிவிடும். இயர்ஃபோன் நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குள் இணைப்பு அறுந்து இரண்டாம் புத்தகம் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினால் அடுத்த தரிப்பில் இறங்குவதைத் தவிர வழியில்லை.

வரைபடமும் பெயர்களும்

முதல் நாள் கதையைத் தொடங்காமல் கால் மணி நேரம் வரைபடத்தோடு இருங்கள். கதை நடக்கும் நாடு பிரிதியன். அதன் வடிவத்தைப் பார்த்தவுடனே பிரித்தானியத் தீவு என்று தெரியும், பக்கத்தில் அயர்லாந்து போல இருப்பது எதிரி நாடு ஹைபேர்ன். தெற்கு மூலையில் மனிதர்கள். இடையில் ஒரு மாயச் சுவர். சுவருக்கு வடக்கே ஃபே எனப்படும், முதுமையில் சாகாத, கூர்ச்செவி இனத்தாரின் ஏழு அவைகள். இளவேனில், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவத்தின் பெயரால் நான்கு. விடியல், பகல், இரவு என்று பொழுதின் பெயரால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஹை லோர்ட் என்ற ஒரு தலைவன்.

ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏழு வரி போட்டு அவைகளை எழுதுங்கள். புதுப் பெயர் வரும்போது அந்தந்த வரியில் சேருங்கள். மூன்றாம் புத்தகத்தில் ஏழு தலைவர்களும் ஓரிடத்தில் கூடும்போது இந்தப் பக்கம் இல்லாதவர்கள் திணறுவார்கள். கதாநாயகியின் பெயரை ஃபேய்ரா என்று சொல்ல வேண்டும். இரவு அவையின் தலைவன் ரீஸாண்டைச் சுருக்கி ரீஸ் என்பார்கள். ஃபேய்ராவின் அக்காமார் நெஸ்டா, எலேன்.

அகராதியை அதிகம் திறக்க வேண்டாம், அத்தியாயத்துக்கு ஐந்து சொல் போதும். ஆங்கிலம் கடினமில்லை, வசனம் குறுகியது, உரையாடல் நிறைய. ஏ.எல். அளவு ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். ஆனால் சில சொற்களில் அகராதி உங்களைக் கவிழ்க்கும். 'வின்னோ' என்று தேடினால் நெல் தூற்றுவது என்று வரும், தம்பலகாமத்துக் களத்தில் நடக்கும் அதே வேலை. இந்தத் தொடரில் அதற்கு ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுவது என்று பொருள். 'கிளாமர்' இங்கே கண்கட்டு மாயம். 'கோல்ட்ரன்' என்று ஆச்சரியப்படும்போதெல்லாம் அவர்கள் தங்கள் உலகைப் படைத்த கொப்பரையின் மேல் ஆணையிடுகிறார்கள். 'மேட்' என்பது விதி போட்ட துணைப் பிணைப்பு. சிறகுடைய ஆண்களின் சிறகு அகலத்தைப் பற்றி எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்பது இரண்டாம் புத்தகத்தில் தானாக விளங்கும்.

முதல் புத்தகம்: பொறுமை தேவை

46 அத்தியாயங்கள், சராசரியாக ஒன்பது பக்கம். நாளுக்கு மூன்று வைத்தால் பதினாறு நாளில் முடியும். வறுமைப்பட்ட மனிதக் குடும்பம், மூன்று பெண்கள், வேட்டைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றும் கடைசிப் பெண். அவள் காட்டில் ஓர் ஓநாயைக் கொல்கிறாள். அதற்கு ஈடாகச் சுவருக்கு அப்பால் கொண்டுபோகப்படுகிறாள். அழகியும் மிருகமும் என்ற பழைய ஐரோப்பியக் கதையின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும். அவள் போய்ச் சேரும் இளவேனில் அவையில் எல்லோர் முகத்திலும் கழற்ற முடியாத முகமூடி.

இந்த மாளிகைப் பகுதியில்தான் பலர் நின்றுபோகிறார்கள். சாப்பாடு, தோட்டம், ஓவியம், மறுபடி சாப்பாடு. வேகமாக வாசியுங்கள், தாண்ட மட்டும் வேண்டாம். ஃபேய்ராவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதையும், அதை அவள் எப்படி மறைக்கிறாள் என்பதையும் கவனியுங்கள், பின்னால் பயன்படும். பெரும் மாற்றம் கடைசி மூன்றிலொரு பங்கில் வருகிறது. மலைக்கு அடியில் ஒரு கொடிய அரசி, மூன்று சோதனைகள், ஒரு விடுகதை. அம்மம்மாவிடம் விடுகதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு விடை அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கதாநாயகிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று எரிச்சல் வரும், வரட்டும். முதல் புத்தகத்தின் மிகப் பலவீனமான முடிச்சு அதுதான்.

முதல் புத்தகம் பிடிக்கவில்லை என்பதற்காகத் தொடரை விட்டுவிட வேண்டாம். இரண்டாவதின் முதல் பத்து அத்தியாயங்களையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் தயங்காமல் நிறுத்தலாம், மூன்றாவது உங்கள் மனதை மாற்றப்போவதில்லை.

இரண்டாவது: தொடரின் உயிர் இருப்பது இங்கே

69 அத்தியாயங்கள், அறுநூறு பக்கத்துக்கு மேல். அதே வேகத்தில் இருபத்திமூன்று நாள்.

பெரும்பாலான காதல் கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. வென்றாகிவிட்டது, கல்யாண நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் ஃபேய்ரா இரவில் எழுந்து வாந்தியெடுக்கிறாள், சிவப்பு நிறத்தைப் பார்க்க முடியவில்லை, தூரிகை பிடிக்கக் கை போகவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் அதைக் காணாதவன் போல் இருக்கிறான். அவளைக் காப்பாற்றுவதென்று சொல்லி வீட்டுக்குள் அடைக்கிறான். முதல் புத்தகத்தில் அன்பாகத் தெரிந்த பழக்கங்கள் ஒவ்வொன்றும் இப்போது கட்டுப்பாடாகத் தெரியத் தொடங்குகின்றன. ஆசிரியர் செய்த மிகத் திறமையான வேலை இது. நேரம் இருந்தால் முதல் புத்தகத்தின் மாளிகைப் பகுதியைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள், அறிகுறிகள் அங்கேயே கிடக்கும்.

மற்றப் பக்கத்தில் இன்னோர் உறவு மிக மெதுவாக வளர்கிறது. அவளுக்கு எழுத்து கற்றுக்கொடுக்கிறார்கள், சண்டை பழக்குகிறார்கள், முடிவை அவளிடமே விடுகிறார்கள். மாயத்தால் மறைந்து தோன்றும் துண்டுக் கடிதங்களில் இருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் பகுதி, எந்தக் கட்டில் காட்சியையும்விடச் சூடானது. இந்த வகை நாவல்களின் கவர்ச்சி எங்கே இருக்கிறதென்று ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவோம். ஒரு பெண்ணின் ஆசை இங்கே அவள் பக்கமிருந்து சொல்லப்படுகிறது, அதற்காக அவள் பிறகு தண்டிக்கப்படுவதும் இல்லை. தண்டனை இல்லாத ஆசையைத் தமிழ் மாத நாவல்களில் தேடிக் களைத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

54ஆம் 55ஆம் அத்தியாயங்களை ஒரே இருப்பில் வாசிக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் நீண்ட வாக்குமூலம், அடுத்ததில் காத்திருந்த கூடல். பின்னேரம் விறாந்தையில் இருந்து வாசிக்கும் அத்தியாயங்கள் அல்ல. இரவில், அறைக்குள்.

இந்தக் காட்சிகளை நிதானமாகப் பார்த்தால் அவை வேலை செய்வதற்குக் காரணம் முன்னால் இருக்கும் ஐம்பது அத்தியாயங்கள்தான் என்று தெரியும். தனியாகப் பிய்த்து வாசித்தால் சாதாரணம். உறுமல், நடுக்கம், மூச்சிரைப்பு என்று அதே சொற்கள் சுற்றிவரும். நமது அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே கிடையாது, கூடலைச் சொல்லாமல் குறிஞ்சி நிலத்தைச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அந்த மரபில் ஊறியவர்களுக்கு இங்கே எல்லாம் பெயரோடும் அளவோடும் சொல்லப்படுவது முதலில் கூச்சமாகவும், பிறகு சற்று அலுப்பாகவும் இருக்கக்கூடும். அலுத்தால் அந்தப் பக்கங்களை விரைவாகத் தாண்டுங்கள். ஆனால் அதன் பின் வரும் உரையாடலைத் தவற விடாதீர்கள், கதை நகர்வது அங்கேதான்.

குறைகளைப் பென்சிலால் குறிப்பது எப்படி

வாசிக்கும்போதே ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டு போங்கள். அதிகாரம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு ஒரு குறி, மாயத்தால் சிக்கல் தீரும் இடத்துக்கு இன்னொரு குறி. இரண்டு குறிகளும் ஒரே பக்கத்தில் விழும் இடங்களில்தான் தொடரின் உண்மையான நோய் இருக்கிறது.

ஃபேய்ராவுக்கு வயது பத்தொன்பது. அவளைக் காதலிப்பவர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கு. அவர்கள் நாட்டை ஆள்கிறவர்கள், அவள் எழுத்து தெரியாத ஏழை. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கதைக்குத் தெரியும், முதல் காதலில் அதைக் கடுமையாக விசாரிக்கவும் செய்கிறது. இரண்டாவது காதலில் அந்த விசாரணை நின்றுவிடுகிறது. முதல் புத்தகத்து மலைக்கு அடியில், ரீஸாண்ட் ஃபேய்ராவுக்கு ஃபே மதுவைக் கொடுத்து, நினைவில்லாத நிலையில் சபைக்கு முன் ஆடவைக்கிறான். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பின்னால் காரணம் வருகிறது. காரணம் கதைக்குள் பொருந்துகிறது. ஆனால் ஒருவன் 'உன் நன்மைக்காகத்தான்' என்று செய்தது குற்றம், இன்னொருவன் அதே சொல்லோடு செய்தது தியாகம் என்று இரண்டு தராசு பிடிப்பதை வாசகர் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கேதான் 'மேட்' பிணைப்பு வந்து கைகொடுக்கிறது. இவர்கள் விதியால் இணைந்தவர்கள் என்று ஆனவுடன், அவன் செய்தது சரியா என்ற கேள்வியே எழாமல் போகிறது. சாதகம் பொருந்திவிட்டது என்று சொல்லி மற்றக் கேள்விகளை மூடும் கல்யாணப் பேச்சு நமக்குப் புதிதில்லை. பிணைப்பை ஏற்கவோ மறுக்கவோ பெண்ணுக்கு உரிமை உண்டு என்று கதையில் ஒரு வரி இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி யார் மறுக்கிறார்கள், மறுத்தால் அவர்களைக் கதை எப்படி நடத்துகிறது என்று தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் புத்தகத்தில் இதே நோய் முற்றுகிறது. ஒரு பெண்ணின் உயிரைப் பாதிக்கக்கூடிய உண்மையைச் சுற்றியிருக்கும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொண்டு அவளிடம் மட்டும் மறைக்கிறார்கள். இரண்டாம் புத்தகத்தில் எந்தப் பழக்கத்துக்காக ஒருவனை வில்லன் ஆக்கினாரோ, அதே பழக்கம் இங்கே நல்லவர்களிடம் வருகிறது. விவகாரம் ஒரு மாயத்தால் தீர்ந்துவிடுவதால் யாரும் உண்மையில் பதில் சொல்ல வேண்டியிருப்பதில்லை. தொடரை நேசிப்பவர்களே அதிகம் கோபப்படும் இடம் இது, கோபம் நியாயமானது.

உலகக் கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மெல்லியது. குளிர் அவையில் எப்போதும் குளிர், இளவேனில் அவையில் எப்போதும் இளவேனில் என்றால் விதைப்பு எப்போது, அறுவடை எப்போது? பெரும்போகம் சிறுபோகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி முதல் அத்தியாயத்திலேயே வரும், ஐந்தாம் புத்தகம் வரை திருப்தியான பதில் வராது. மனிதர் வாழும் தெற்கு, வேண்டிய நேரத்தில் ஆபத்துக்குள்ளாக்கத் தேவையான ஓரிடம், அவ்வளவே. நிலத்துக்குக் கதை ஒட்டியிருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். சுவாமி மலையில் இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் 'இராவணன் வெட்டு'ப் பிளவைப் பார்க்கிறோம், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றுக்கும் அதே இராவணன் கதையைச் சொல்கிறோம், கிணற்றின் சூடு கையில் படுகிறது. பிரிதியனின் மலைகளுக்கு அப்படி ஒரு சூடு கிடையாது. இரவு அவையின் நகரம் வெலாரிஸ் மட்டும் விதிவிலக்கு. தெரு, ஆறு, ஓவியர் பகுதி என்று அதை மனதில் நடக்க முடிகிறது.

சாவுக்கும் இங்கே விலை குறைவு. இறந்தவர் மீள்வது தொடரில் ஒரு தடவையோடு நிற்கவில்லை. அதனால் மூன்றாம் புத்தகத்தின் போரில் பதற்றம் வரவேண்டிய இடத்தில், இவரும் எழும்பி வருவார் என்ற எண்ணம்தான் வரும். அவசரத்துக்கு ஒரு புதுச் சக்தி கதாநாயகிக்கு உதயமாவதும் அப்படியே.

மூன்று, நான்கு, ஐந்து

மூன்றாவது 82 அத்தியாயங்கள். நாளுக்கு மூன்று என்றால் ஏறத்தாழ நான்கு கிழமை. இரண்டாவது முடிந்த கையோடு தொடங்குங்கள், இடைவெளி விட்டால் யார் யாரை ஏமாற்றுகிறார் என்பது மறந்துவிடும். தொடக்கத்து உளவுப் பகுதி சுறுசுறுப்பு, நடுவில் கூட்டங்கள், கடைசியில் போர். கூட்டங்களில்தான் கொப்பிப் பக்கம் உதவும்.

நான்காவது சின்னது, பண்டிகைக் கால இடைச்செருகல். கதை இல்லை, பரிசும் பனியும் உண்டு. அவசரக்காரர்கள் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நெஸ்டா எவ்வளவு உடைந்திருக்கிறாள் என்பது இதில்தான் தெரியும் என்பதால் அவள் வரும் பகுதிகளையாவது வாசித்துவிடுங்கள்.

ஐந்தாவது நெஸ்டாவின் கதை. ஃபேய்ரா 'நான்' என்று சொல்லிவந்த நடை போய், 'அவள்' என்ற நடை வருகிறது. பழகுவதற்கு ஐம்பது பக்கம் எடுக்கும். எழுநூறு பக்கத்துக்கு மேல், ஐந்திலும் கட்டில் காட்சிகள் கூடியதும் இதுதான். ஆனால் கோபக்காரியான, பிடிக்காத ஒரு பெண்ணை எங்களுக்குப் பிடிக்கவைக்க ஆசிரியர் படும் பாடு மதிக்கத்தக்கது. அவள் படி ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பதும், இரண்டு சிநேகிதிகள் சேர்வதும் காதலைவிட நன்றாக வந்திருக்கின்றன. இதே ஆசிரியரின் இன்னொரு தொடர் ஓரிடத்தில் இந்த உலகத்தோடு முட்டுகிறது. அதை ஐந்தும் முடியும்வரை தொடவேண்டாம்.

கூடி வாசிப்பதென்றால்

ஐந்து பேருக்கு ஒரு தொகுதி போதும். முதல் புத்தகத்தில் மட்டும் இரண்டு பிரதி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐந்தாமவருக்கு முறை வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஒருவருக்குப் பதினாறு நாள் என்று கெடு வைத்து, முடிக்காவிட்டாலும் கைமாற்றுங்கள். கூட்டம் புத்தகத்துக்கு ஒன்று போதும். டச்சு விரிகுடாக் கடற்கரை பின்னேரத்தில் வசதியான இடம்தான், ஆனால் பக்கத்துப் பாயில் தெரிந்த குடும்பம் இருக்கும். முதல் புத்தகத்துக்கு அங்கே இருக்கலாம், இரண்டாவதிலிருந்து யாருடைய வீட்டிலாவது.

சின்ன ஊரில் வரும் சிக்கல் ஒன்றுண்டு. வட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்குப் படிப்பித்த டீச்சராக இருப்பார், அல்லது மச்சாளின் அக்காவாக இருப்பார். "ரீச்சர், 55ஆம் அத்தியாயம் எப்பிடி?" என்று யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோரும் போரைப் பற்றியே பேசிவிட்டுத் தேநீர் குடித்துப் பிரிவார்கள். இதற்குத் துண்டுக் காகிதம் நல்ல வழி. ஒவ்வொருவரும் பெயர் போடாமல் ஒரு கேள்வி எழுதிப் பேணிக்குள் போட வேண்டும், கூட்டத்தில் இளையவர் எடுத்து வாசிக்க வேண்டும். கையெழுத்து காட்டிக்கொடுக்காமல் இருக்க எல்லோரும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பேச விரும்பாத விடயத்தை முன்கூட்டியே சொல்லும் உரிமையும் எல்லோருக்கும் இருக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

பேச்சைத் தொடங்க நல்ல கேள்விகள் சில: இந்தப் பிணைப்பு இல்லாவிட்டாலும் இவர்கள் சேர்ந்திருப்பார்களா? 'உன் பாதுகாப்புக்காக' என்ற சொல் எத்தனை பேர் வாயில் வருகிறது, யாரை மன்னிக்கிறோம், ஏன்? நெஸ்டா ஆணாக இருந்தால் அவளது கோபத்தை இவ்வளவு நாள் திருத்தியிருப்பார்களா? 'எந்த ஆணைப் பிடிக்கும்' என்று தொடங்கினால் அரை மணி நேரம் சிரிப்போடு போய்விடும். கெட்ட விடயமில்லை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அத்தியாய எண்ணை முதலில் போட்டுவிட்டுத்தான் கருத்து எழுத வேண்டும். குரல்செய்தி வேண்டாம், அது எந்த வீட்டுச் சமையலறையில் சத்தமாக ஒலிக்கும் என்று தெரியாது.

வாடைக் காலத்தில் புத்தகத்தைக் காப்பது

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் கடற்காற்றும் சேர்ந்து மெல்லட்டைப் புத்தகத்தைச் சுருட்டும். அட்டையின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, உள்பக்கம் வெறும் காகிதம். ஈரத்தை உள்பக்கம் மட்டும் குடிப்பதால் அட்டை வெளிநோக்கி வளைகிறது. எழுநூறு பக்கப் புத்தகத்துக்கு இதோடு முதுகும் வெடிக்கும். பிரவுண் பேப்பரில் உறை போட்டால் வளைவு குறையும், அட்டையும் மறையும். படுக்கவைத்து, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றி வையுங்கள். மருந்துப் போத்தலோடும் சப்பாத்துப் பெட்டியோடும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் அலுமாரிக்குள் போடுங்கள். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டவே வேண்டாம், உள்ளே மாட்டிய ஈரம் பூஞ்சணமாகும். மழை விட்டதும் நிழலில் ஒருநாள் விரித்து வையுங்கள், நேர் வெயிலில் முதுகுப் பசை உருகிப் பக்கம் கழரும்.

வாசித்து முடித்த தொகுதியைப் பொது நூலகத்துக்கோ பழைய பாடசாலைக்கோ கொடுக்க நினைத்தால், பாடசாலைக்கு வேண்டாம். நூலகத்தில் பொறுப்பானவரிடம் வயதுவந்தோர் பகுதியில் வைக்கச் சொல்லி, முதல் பக்கத்திலும் பென்சிலால் அப்படியே எழுதிக் கொடுங்கள். அட்டையைப் பார்த்துச் சிறுவர் பகுதியில் அடுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.